தாய் செத்துப்போன பூனைக்குட்டிகள், இரண்டு வாரம் இருக்கும்: பால் எப்படி, சோறு எப்போது?

எல்லைக்கடை (வேலந்தாவளம்), இரவு 10.40

வணக்கங்க. செக்போஸ்ட் பக்கம் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். கடைக்குள் எலி வராமல் பார்த்துக்கொண்டிருந்த பூனை நேற்று ராத்திரி லாரியில் அடிபட்டுப் போய்விட்டது. குடோனில் தேங்காய் மட்டைக்குப் பின்னால் அது குட்டி போட்டிருந்த விஷயமே இன்று மதியம் கத்தல் கேட்டுத்தான் தெரியும். ஒன்று கருப்பு, ஒன்று செவலை. கண் திறந்திருக்கிறது, நீலக் கண். காது இன்னும் சரியாக நிமிரவில்லை. பல் இல்லை.

பசும்பாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, என் பையனுக்குப் பால் கொடுத்த சங்கிலேயே ஊற்றிப் பார்த்தேன். செவலை கொஞ்சம் குடித்தது, மூக்கு வழியாகவும் வந்தது. கருப்பு வாயே திறக்கவில்லை, தொட்டால் சில்லென்று இருக்கிறது. கடையில் குழந்தைகளுக்கான பால்பவுடர் இருக்கிறது, அதைக் கொடுக்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்க.

பூச்சையம்மா (களியக்காவிளை), 10.52

தம்பி, முதலில் அந்தச் சங்கை எடுத்து மேலே வையுங்கள். மனுஷக் குழந்தையை மடியில் மல்லாக்கப் போட்டுப் புகட்டுகிற மாதிரி பூச்சைக்குட்டிக்குச் செய்தால் பால் நுரையீரலுக்குப் போய்விடும். மூக்கில் வந்தது என்கிறீர்களே, அதுதான் எச்சரிக்கை. இப்போது பால் வேண்டாம், சூடுதான் வேண்டும். ஒரு பாட்டிலில் வெந்நீர் பிடித்து, துண்டில் நன்றாகச் சுற்றி, அட்டைப்பெட்டியில் ஒரு பக்கமாக வையுங்கள். சூடு அதிகமானால் குட்டி நகர்ந்து போக மறுபக்கம் காலியாக இருக்கட்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

நாலாம் வருஷம் (சித்தூர்), 11.05

அக்கா சொன்னதுதான் சரி. மண்ணுத்தியில் கால்நடை மருத்துவம் படிக்கிறேன், இன்னும் டாக்டர் ஆகவில்லை, அதை மனதில் வைத்துக்கொண்டு படிங்க.

சுண்டுவிரலைக் கழுவிவிட்டுக் குட்டியின் வாய்க்குள் வைத்துப் பாருங்க. உள்ளே சில்லென்று இருந்தால் ஒரு சொட்டுப் பால்கூடக் கூடாது. உடம்பு குளிர்ந்த குட்டிக்குக் குடல் வேலை செய்வதில்லை, கொடுத்த பால் அப்படியே தேங்கிப் புளித்து வயிறு உப்பிவிடும். கதகதப்பு வந்து, வாயில் விரல் வைத்தால் உறிஞ்சப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பால். சூடாக்குவதையும் அவசரப்பட்டுச் செய்யாதீங்க, ஒரு மணி நேரத்துக்கு மேலேயே ஆகட்டும்.

குழந்தைப் பால்பவுடர் வேண்டாம். பூனைப்பாலில் புரதம் பசும்பாலைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, கொழுப்பும் கூட. பசும்பாலோ ரொம்ப நீர்ப்பு, நீங்கள் அதிலும் பாதி தண்ணீர் ஊற்றியிருக்கிறீங்க. வயிறு நிறையும், உடம்பு ஏறாது, பேதியும் ஆகும். பூனைக்குட்டிக்கென்றே பால்பவுடர் இருக்கிறது, பெட் ஷாப்பில் ‘கிட்டன் மில்க் ரீப்ளேசர்’ என்று கேளுங்க. நாளைக் காலையில் முதல் வேலை அதுதான். இன்று ராத்திரி சமாளிக்க, பக்கத்தில் யாராவது ஆடு வைத்திருந்தால் தண்ணீர் கலக்காத ஆட்டுப்பால், வெதுவெதுப்பாக, ஊசி மாட்டாத 2 மில்லி சிரிஞ்சில்.

சித்தூர்க்காரன் (சித்தூர்), 11.20

எந்தச் சித்தூர் நீங்க? நானும் சித்தூர்தான்.

நாலாம் வருஷம், 11.22

பாலக்காட்டுச் சித்தூருங்க. நீங்க ஆந்திரா சித்தூர்தானே, எனக்கு வர வேண்டிய கூரியர் எல்லாம் அங்கேதான் வந்து சேரும்.

சித்தூர்க்காரன், 11.31

உங்க கூரியர் ஒன்றும் என்னிடம் இல்லை. விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தெருவில் எல்லாரும் ஆட்டுப்பாலில் வளர்த்ததுதான் பில்லிக் குட்டி, அதாவது பூனைக்குட்டி எல்லாம். ஒரு நாளைக்கு என்று ஏன் சொல்கிறீர்கள், ஆட்டுப்பாலே முழுசாகப் போதும். பவுடர் டப்பா என்ன விலை தெரியுமா?

எல்லைக்கடை, அதிகாலை 4.15

கருப்பு போய்விட்டதுங்க. ஒரு மணிக்கு மேல் உடம்பில் சூடு வந்த மாதிரி இருந்தது, ரெண்டு தடவை வாயைத் திறந்து மூடியது, அவ்வளவுதான். நான் சாயங்காலம் சங்கில் ஊற்றியதுதான் காரணமோ என்று மனசு கேட்கவில்லை. செவலை மட்டும் பாட்டிலோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. பக்கத்துத் தோப்பில் ஆட்டுப்பால் வாங்கி 3 மில்லி கொடுத்தேன், குப்புற வைத்துத்தான்.

பூச்சையம்மா, 5.02

அது ஒரு பகலும் ஒரு ராத்திரியும் தாய்ச்சூடு இல்லாமல் கிடந்த குட்டி தம்பி. நீங்கள் பார்க்கும்போதே அதற்குப் பாதி வழி போயிருக்கும். நானும் முதல் ஈற்றில் நாலில் மூன்றைத் தொலைத்தவள்தான். இருக்கிற ஒன்றைப் பாருங்கள்.

ஒன்று கேட்கிறேன், மூத்திரம் போனதா?

எல்லைக்கடை, 5.10

இல்லீங்க அக்கா. ஒரு சொட்டுகூட இல்லை. பால் குறைவாகக் குடித்ததால் இருக்கும் என்று நினைத்தேன்.

பூச்சையம்மா, 5.18

அது தானாகப் போகாது. மூன்று வாரம் ஆகிறவரை தாய் நக்கிக் கொடுத்தால்தான் மூத்திரமும் மலமும் வரும். பஞ்சை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, வாலுக்குக் கீழே மெதுவாகத் தட்டித் தட்டித் துடைத்துவிடுங்கள். தேய்க்காதீர்கள், புண்ணாகிவிடும். அரை நிமிஷத்துக்குள் பஞ்சு மஞ்சளாகும். ஒவ்வொரு தடவை பால் கொடுக்கும்போதும் இதைச் செய்தே ஆக வேண்டும்.

எல்லைக்கடை, 5.31

அடேயப்பா, பஞ்சு முழுக்க நனைந்துவிட்டது. அதுவரை கத்திக்கொண்டே இருந்தது, இப்போது தூங்குகிறது.

கம்பம்மெட்டு (கம்பம்மெட்டு), காலை 7.45

எங்கள் வீட்டு மனிதர்களுக்கே இவ்வளவு சேவை கிடையாது.

நாலாம் வருஷம், 8.30

ராத்திரிக் குட்டி பற்றி வருத்தமாக இருக்கிறதுங்க.

இனிமேல் கணக்காகப் போகலாம். உங்கள் கடையில் மின்தராசு இருக்குமே? அதுதான் இப்போது மருந்து, மாத்திரை எல்லாம். தினமும் ஒரே நேரத்தில், காலைப் பாலுக்கு முன்னால் எடை போட்டு எழுதி வையுங்க. பிறக்கும்போது ஏறக்குறைய 100 கிராம் இருக்கும், ஒரு நாளைக்கு 10 முதல் 15 கிராம் ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் பால் குறைவு. இறங்கினால் அன்றைக்கே டாக்டர்.

பால் அளவு: 100 கிராம் எடைக்கு நாள் முழுக்க 20 மில்லி சுமார். ஒரு வேளைக்கு 100 கிராமுக்கு 4 மில்லிக்கு மேல் வயிறு தாங்காது. டப்பாவில் போட்டிருக்கிற கலவை அளவு வேறு மாதிரி இருந்தால் அதையே பின்பற்றுங்க.

சித்தூர்க்காரண்ணா, ஆட்டுப்பால் விஷயம்: அதிலும் பசும்பால் அளவுக்கு ஏறக்குறைய லாக்டோஸ் இருக்கிறது. சில குட்டிகளுக்குக் கொஞ்சம் லேசாகச் செரிக்கலாம், ஆனால் சத்து போதாது. பிழைத்த குட்டிகளைத்தான் நாம் பார்க்கிறோம், போனவற்றை யாரும் எண்ணி வைப்பதில்லை.

எல்லைக்கடை, இரவு 9.20

கோயம்புத்தூர் போய் டப்பா வாங்கிவந்தேன், அரை நாள் போச்சு. தராசு நல்ல யோசனைங்க. சும்மா வைத்தால் இறங்கி ஓடப் பார்க்கிறது, அதனால் ஒரு பிளாஸ்டிக் மக்கை வைத்து சைபர் ஆக்கிவிட்டு அதற்குள் விட்டேன். 190 கிராம். என் தராசு ஐந்து ஐந்து கிராமாகத்தான் காட்டும், பரவாயில்லைதானே?

நீங்கள் சொன்ன கணக்குப்படி ஒரு நாளைக்கு 38 மில்லி, அதை ஐந்து வேளையாகப் பிரித்தால் 7, 8 மில்லி. ராத்திரியும் எழுப்ப வேண்டுமா?

நாலாம் வருஷம், 9.41

போதும், ஐந்து கிராம் தராசே போதும். எடையை வைத்துப் பார்த்தாலும் கண், காதை வைத்துப் பார்த்தாலும் இரண்டு வாரம்தான். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரியும் சேர்த்து. அப்போது ஆறு வேளை ஆகும், வேளைக்கு 6, 7 மில்லி. முதல் வாரக் குட்டியாக இருந்தால் இரண்டு மணிக்கு ஒருமுறை எழ வேண்டியிருக்கும், அதை நினைத்துச் சந்தோஷப்படுங்க.

பூச்சையம்மா, 9.58

பாட்டில் பிடிக்கிற விதம் சொல்கிறேன். துண்டு விரித்து, குட்டி நாலு காலிலும் நிற்கிற மாதிரி குப்புற வைத்து, தலையைக் கொஞ்சம் மட்டும் தூக்கி, நிப்பிளை வாயோரத்தில் கொடுங்கள். நீங்கள் அமுக்கி ஊற்றாதீர்கள், அது இழுக்கட்டும். சரியாகக் குடிக்கிறது என்பதற்கு அடையாளம் காதுதான்: ஒவ்வொரு உறிஞ்சலுக்கும் இரண்டு காதும் பின்னால் துடிக்கும். முன்னங்கால் இரண்டும் மாவு பிசைகிற மாதிரி துண்டைப் பிசையும். காது ஆடவில்லை, வாயோரம் நுரைக்கிறது என்றால் நிறுத்திவிடுங்கள். குடித்து முடித்ததும் தோளில் போட்டு முதுகைத் தடவினால் ஏப்பம் விடும். பாலின் சூட்டை உங்கள் மணிக்கட்டில் விட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு தடவை சுட்டுக்கொண்ட குட்டி அப்புறம் நிப்பிளைக் கண்டாலே முகத்தைத் திருப்பும்.

எல்லைக்கடை, 8ஆம் நாள்

275 கிராம்! காது ஆடுவதைப் பார்த்தேன் அக்கா, எங்கள் வீட்டுக்காரம்மா வீடியோவே எடுத்துவிட்டாள். பஞ்சு இல்லாமலே துண்டில் மூத்திரம் போகிறது. மலம் அரைத்த கடுகு நிறத்தில் இருக்கிறது. முன் பக்கம் அரிசிக் குருணை மாதிரி பல் எட்டிப்பார்க்கிறது. அப்படியென்றால் சோறு ஆரம்பிக்கலாமா? என் மாமியார் பால்சோறு பிசைந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்.

தேயிலைமலை (வண்டிப்பெரியார்), 8ஆம் நாள்

உங்கள் மாமியார் சொல்வதைக் கேளுங்க. எஸ்டேட் லயத்தில் எங்கள் பாட்டி இருபது பூனை வளர்த்தது. பால்சோறு, கருவாட்டுக் குழம்பு ஊற்றிய சோறு, அவ்வளவுதான். கிராமும் இல்லை, மில்லியும் இல்லை. எல்லாம் நல்லா கொழுகொழுவென்று இருந்தன. இப்போது பூனை வளர்ப்பதற்கே ஒரு படிப்பு படிக்க வேண்டும்போல.

நாலாம் வருஷம், 8ஆம் நாள்

பாட்டி வளர்த்த பூனைகள் சோற்றால் வளரவில்லைங்க. லயத்தில் எலி இருந்தது, ஓணான் இருந்தது, குருவி இருந்தது. பகலில் பாட்டி போட்ட சோறு பலகாரம், ராத்திரி அவை பிடித்ததுதான் சாப்பாடு. அதோடு அவற்றுக்குத் தாய் இருந்தது, எட்டு வாரம் வரை பால் கொடுத்தது. பெட்டிக்குள் இருக்கிற இந்தச் செவலைக்கு இரண்டுமே இல்லை.

பூனை அசைவம் சாப்பிட விரும்புகிற பிராணி இல்லை, அசைவம் இல்லாமல் இருக்கவே முடியாத பிராணி. டாரின் என்று ஒரு சத்து, நம் உடம்பும் நாயின் உடம்பும் அதைத் தயாரித்துக்கொள்ளும், பூனையால் போதிய அளவுக்கு முடியாது. சோற்றில், பருப்பில் அது கிடையாது. குறைந்தால் கண்ணின் விழித்திரை கெடும், இதயத் தசை தளர்ந்து வீங்கும். 1987இல் கலிபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் இதைக் கண்டுபிடிக்கிற வரைக்கும் கடையில் விற்ற பூனை உணவைச் சாப்பிட்ட பூனைகளே இதய நோயால் செத்துக்கொண்டிருந்தன. அதற்கப்புறம்தான் உணவில் டாரினைக் கூட்டினார்கள். நாய்த் தீனியைப் பூனைக்குப் போடக் கூடாது என்பதற்கும் இது ஒரு காரணம்.

தேயிலைமலை, 8ஆம் நாள்

ஓணான் விஷயம் உண்மைதான், ஒத்துக்கொள்கிறேன். தினம் காலையில் வாசலில் வால் மட்டும் கிடக்கும்.

பூச்சையம்மா, 8ஆம் நாள்

தம்பி, முன்பல்லைப் பார்த்து அவசரப்படாதீர்கள். கோரைப்பல் வரட்டும். நாலு வாரம் நெருங்கும்போது நிப்பிளைச் சப்பாமல் கடிக்க ஆரம்பிக்கும், அப்போது அதுவே சொல்லும். மாமியாரிடம் அந்தப் பால்சோற்றைக் காக்காவுக்கு வைக்கச் சொல்லுங்கள்.

எல்லைக்கடை, 15ஆம் நாள்

கடிக்க ஆரம்பித்துவிட்டது! நேற்று நிப்பிளைக் கடித்து நுனியைத் துண்டாக்கிவிட்டது. நல்லவேளை, விழுங்கவில்லை. என் விரலிலும் பல் பதிந்து ரத்தம் வந்தது. 365 கிராம். இனி எப்படி?

கம்பம்மெட்டு, 15ஆம் நாள்

ரத்தம் என்றால் சும்மா விடாதீர்கள். சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் ரேபீஸ் ஊசி போட்டுக்கொள்ளுங்க. ஊசி போடாத தெருப்பூனைக் குட்டி. இதில் மட்டும் நான் விளையாட மாட்டேன்.

நாலாம் வருஷம், 15ஆம் நாள்

அதேதான், இன்றைக்கே போங்க.

சாப்பாடு: பூனைக்குட்டிக்கான ஈர உணவு பாக்கெட் வாங்குங்க, ‘கிட்டன்’ என்று போட்டிருக்க வேண்டும். ஒரு ஸ்பூன் எடுத்து, நீங்கள் கலக்கிற அதே பாலை விட்டு, கட்டி இல்லாமல் கூழ் பதத்துக்கு மசியுங்க. பெரிய பாட்டில் மூடி மாதிரி தட்டையான எதிலாவது வையுங்க. முகத்தைப் பிடித்துத் தட்டில் அமுக்காதீங்க, மூக்கில் ஏறும். விரலில் கொஞ்சம் தொட்டு உதட்டில் தடவினால் நக்கிப் பார்க்கும். அதற்கப்புறம் விரலைத் தட்டுக்குக் கொண்டுபோங்க, விரலோடு வாயும் வரும். பசி நேரத்தில் தட்டை முதலில் காட்டுங்க, மீதிப் பசிக்குப் பாட்டில். ஒரு வாரத்தில் கூழ் களியாகட்டும், பாட்டில் வேளை ஒவ்வொன்றாகக் குறையட்டும். தண்ணீரும் ஆழமில்லாத தட்டில் வையுங்க. பூச்சி மருந்து மூன்றாவது வாரத்திலேயே தொடங்கியிருக்க வேண்டும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. எடை பார்த்து டாக்டர் தருகிற அளவுதான், நம் மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீங்க. பாராசிட்டமால் பூனைக்கு விஷம், அதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

எல்லைக்கடை, 16ஆம் நாள்

ஊசி போட்டுக்கொண்டேன். டாக்டரிடம் குட்டியையும் காட்டி மருந்து கொடுத்தாச்சு.

கூழ் வைத்தேன். நாலு காலையும் தட்டுக்குள் வைத்து நின்றது. பிறகு உட்கார்ந்தது. மீசையில் இருந்ததை நக்கும்போதுதான் இது சாப்பாடு என்று அதற்குத் தெரிந்ததுபோல, ஒரு நிமிஷம் அப்படியே நின்று யோசித்தது. அப்புறம் காலில் ஒட்டியிருந்ததை எல்லாம் நக்கித் தீர்த்தது, தட்டில் இருந்ததைத் தொடவே இல்லை.

பூச்சையம்மா, 16ஆம் நாள்

எல்லாக் குட்டியும் அப்படித்தான். வெதுவெதுப்பான துணியால் துடைத்து உலர்த்திவிடுங்கள், ஈரத்தோடு விட்டால் குளிரும்.

எல்லைக்கடை, 19ஆம் நாள்

பேதி. நேற்றிலிருந்து தண்ணீராகப் போகிறது. 380 கிராமில் நின்றுவிட்டது, இன்று 375. மாமியார் ஒரு கரண்டி பால்சோறு கொடுத்தது இப்போதுதான் தெரியவந்தது. ‘குழந்தை ஏக்கமாகப் பார்த்தது’ என்கிறார்.

நாலாம் வருஷம், 19ஆம் நாள்

இந்த எடையில் ஒரு நாள் பேதியே உடம்பின் நீரை வற்றவைத்துவிடும். கழுத்துத் தோலைத் தூக்கி விட்டால் உடனே படிகிறதா, ஈறு ஈரமாக இருக்கிறதா பாருங்க. எப்படி இருந்தாலும் இன்று டாக்டரிடம் காட்டிவிடுங்க, புழுவும் காரணமாக இருக்கலாம். திட உணவை நிறுத்திவிட்டு, பாட்டில் பாலுக்கே திரும்புங்க.

எல்லைக்கடை, 22ஆம் நாள்

மலத்தைச் சோதித்ததில் புழு முட்டை இருந்ததாம். பாவம், மாமியாரைத் திட்டித் தீர்த்துவிட்டேன், பாதித் தப்புதான் அவருடையது. பேதி நின்றுவிட்டது, 405 கிராம். இன்று மறுபடி கூழ், அரை ஸ்பூன்.

புளியரை (புளியரை), 29ஆம் நாள்

இழையை முழுக்கப் படித்தேன். என்னிடம் ஆறு வாரக் குட்டி இருக்கிறது. தினமும் பச்சை மத்தி வாங்கிப் போடுகிறேன், வேறு எதையும் தொடுவதில்லை. சரிதானா?

பூச்சையம்மா, 29ஆம் நாள்

பச்சையாக வேண்டாம். வேகவைத்து, முள் எடுத்து, உப்பு புளி இல்லாமல். வாரத்தில் ஒரு நாள் இரண்டு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாலாம் வருஷம், 29ஆம் நாள்

சில பச்சை மீன்களில் பி1 வைட்டமினை அழிக்கிற தையமினேஸ் இருக்கிறது, வேகவைத்தால் அது போய்விடும். எண்ணெய் மீனையே தினமும் தின்றால் வைட்டமின் ஈ குறைந்து, தோலுக்கடியில் கொழுப்பு வீங்கி வலிக்கிற நோயும் வரும். கோழி வேகவைத்தால் அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் சேர்த்தே கொடுங்க, டாரின் தண்ணீரில் இறங்கிவிடும். வெங்காயம், பூண்டு போட்ட குழம்பு ஆகவே ஆகாது, பூனையின் ரத்த அணுக்களை உடைக்கும். வெறும் கறி மட்டுமே கொடுத்தாலும் சுண்ணாம்புச்சத்து இல்லாமல் எலும்பு வளையும். அதனால் குட்டிகளுக்கான உணவு முக்கால், வீட்டு மீன் கறி கால்.

தேயிலைமலை, 29ஆம் நாள்

கருவாட்டுக் குழம்பும் போச்சா.

எல்லைக்கடை, 30ஆம் நாள்

505 கிராம். பாட்டில் ராத்திரி ஒரு வேளை மட்டும். பல்லால் கடித்து, மென்று, தலையைச் சாய்த்துச் சாப்பிடுகிறது. சாப்பிடும்போது கிட்டே போனால் உறுமுகிறது, உள்ளங்கை அளவு இருந்துகொண்டு.

இன்னொரு விஷயம். மலத்துக்கு என்ன செய்வது என்று தவித்தேன், பூனைக்கென்று விற்கிற, ஈரம் பட்டால் கட்டியாகிற மணலைக் குட்டி தின்றுவிடும் என்று டாக்டர் சொன்னார். பக்கத்துக் கயிறு ஆலையில் தென்னை நார்க்கழிவு வாங்கி ஒரு தட்டில் பரப்பினேன். சொல்லிக்கொடுக்கவே இல்லை, தானே தோண்டி, போய்விட்டு, மூடி, மோந்து பார்த்தது.

சித்தூர்க்காரன், 30ஆம் நாள்

நார்க்கழிவு நல்ல யோசனை, இங்கேயும் முயற்சி செய்கிறேன். எங்கள் தெருப் பில்லி நேற்று நாலு போட்டது. தாய் இருக்கிறது, ஆட்டுப்பால் வேலை இந்தத் தடவை இல்லை.

நாலாம் வருஷம், 30ஆம் நாள்

தாய்க்கு நிறையச் சாப்பாடு போடுங்க அண்ணா, குட்டிகளைத் தொட வேண்டாம். அது நாலைந்து மணி நேரம் காணவில்லை என்றாலும் பயந்து தூக்கிவிடாதீங்க, இரை தேடப் போயிருக்கும்.

எல்லைக்கடை, 45ஆம் நாள்

எட்டரை வாரம், 720 கிராம். பாட்டிலை நிறுத்திப் பத்து நாள் ஆகிறது. ஒரு நாளைக்கு நாலு வேளை சாப்பாடு. முதல் தடுப்பூசி போட்டாச்சு, ரேபீஸ் ஊசி மூன்று மாதத்தில் என்றார்கள். நேற்று நெத்திலி மூட்டையை ஓட்டை போட்டது, அது யார் வேலை என்று வாசனையே சொல்லிவிட்டது.

ஒரே தொந்தரவு, தினமும் எடை போட்டுப் பழக்கியதில் தராசை அது தன் இடம் என்று நினைத்துக்கொண்டது. தூக்கி இறக்கினால் மறுபடி ஏறிப் படுத்துவிடுகிறது. இன்று காலை சின்ன வெங்காயம் அரைக் கிலோ கேட்ட அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, ‘தூங்குது பாவம், அதைக் கழிச்சுக்கிட்டுப் போடுங்க’ என்றார். அப்படியே போட்டுக் கொடுத்தேன்.